பாட்டுப் போட்டு ஆங்கிலம் படிப்பிக்கலாமா?

மல்லாவிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் புதிதாக நியமனம் கிடைத்துப் போயிருக்கும் ஓர் ஆங்கில ஆசிரியை கேட்டிருக்கிறார். தரம் 9, 32 பிள்ளைகள். எழுத்துப் பரீட்சையில் ஓரளவு புள்ளி எடுக்கிறார்கள். ஆனால் ஓகஸ்ட் விடுமுறைக்குக் கனடாவிலிருந்து வரும் மச்சான் மச்சாள்மார் ஆங்கிலத்தில் இரண்டு வசனம் கதைத்தால் ஒன்றும் விளங்காமல் சுவரைப் பார்க்கிறார்களாம். ஆங்கிலப் பாட்டுகளைப் போட்டுக் கேட்டலும் உச்சரிப்பும் படிப்பிக்கலாமா, எந்தப் பாட்டு, எப்படி, அதிபர் ஏசமாட்டாரா என்பது கேள்வி.

படிப்பிக்கலாம், தங்கச்சி. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலுமாக 27 வருடம் இதே பாடத்தைப் படிப்பித்தவன் நான். அதில் முதற் பாதி முழுக்கப் பாட்டைப் பிழையாகத்தான் பாவித்தேன். பாட்டைப் போடுவேன், வரிகளைக் கரும்பலகையில் எழுதுவேன், எல்லோரும் சேர்ந்து பாடுவோம், மணி அடிக்கும். பிள்ளைகளுக்கும் சந்தோசம், எனக்கும் சந்தோசம். அடுத்த நாள் அதே வரியில் இருந்த ஒரு துண்டைச் சாதாரணமாகக் கதைத்துக் காட்டினால் ஒருவருக்கும் பிடிபடாது. காதைத் திறக்கப் பாட்டு நல்ல கருவி. வாயைத் திருத்தும் வேலையில் அது பாதிதான் உதவும், மற்றப் பாதியில் பொய் சொல்லும். இது எனக்கு விளங்கப் பல வருடம் எடுத்தது. நீங்கள் அவ்வளவு காலம் செலவழிக்கத் தேவையில்லை.

தொண்ணூறுகளில் வன்னிக்குள் மின்சாரம் இல்லை, பற்றரியும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து வயர் இழுத்துத்தான் றேடியோவும் கசெற்றும் கேட்டோம். உங்கள் அப்பா அம்மாவைக் கேட்டால் சொல்வார்கள். எங்கள் வீட்டில் சுற்றுகிற வேலை தம்பிக்கு. அவன் களைத்தால் பாட்டும் களைக்கும். அமெரிக்கப் பாடகர் ஜிம் ரீவ்ஸின் குரல் ஏற்கெனவே ஆழமானது, அது இன்னும் இறங்கிக் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல இழுபடும். ஒரு நாள் அப்படி இழுபட்டபோது, பல வருடமாக ஒரே சொல் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த ஒன்று உண்மையில் மூன்று சொல் என்று பிடிபட்டது. மூன்றும் இடைவெளி விடாமல் ஒட்டிக்கொண்டு வந்திருக்கின்றன. தனித்தனியே எழுதிக் காட்டினால் தரம் 3 பிள்ளைக்கும் தெரிந்த சொற்கள். நானோ அப்போது ஆங்கிலத்தில் நல்ல புள்ளி எடுத்துவிட்டு வேலைக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்தவன்.

உங்கள் பிள்ளைகள் சுவரைப் பார்ப்பதற்கும் காரணம் இதுவாகத்தான் இருக்கும். மச்சாள் சொன்ன வசனத்தை எழுதிக் கொடுத்துப் பாருங்கள், பாதிக்கு மேல் வாசித்து விளங்கிக்கொள்வார்கள். சொல் தெரியும், அது ஒட்டிக்கொண்டு வரும் கோலம் தெரியாது.

இதை விளக்க ஆங்கில இலக்கணப் புத்தகம் தேட வேண்டாம். உங்கள் பக்கத்து வகுப்புத் தமிழ் ஆசிரியரிடம் இருக்கிறது. "உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே" என்ற நன்னூல் சூத்திரத்தைத்தான் சொல்கிறேன். மெய்யில் முடிகிற சொல்லுக்குப் பின்னால் உயிரில் தொடங்குகிற சொல் வந்தால் இரண்டும் சேர்ந்துவிடும். கனகராயன் ஆறு என்று யாரும் நிறுத்திச் சொல்வதில்லை, கனகராயனாறு என்கிறோம். ஆங்கிலக்காரனும் அதைத்தான் செய்கிறான். 'கெற்', 'அப்' என்று நாம் இரண்டாகப் படிப்பிக்கிறோம், அவன் 'கெற்றப்' என்கிறான். 'நொற் அற் ஓல்' அவன் வாயில் 'நொற்றற்றோல்'. என்னுடைய வகுப்பில் ஒரு பெடியன் இதை 'நெற்றித் தோல்' என்று கேட்டு எழுதியிருந்தான். சிரித்தோம், ஆனால் அவனுடைய காது பிழையில்லை. ஒட்டிய இடத்தைச் சரியாகத்தான் பிடித்திருந்தது. எங்கே வெட்டுவது என்றுதான் அவனுக்குத் தெரியவில்லை. வித்தியாசம் ஒன்றே ஒன்று: தமிழில் சேர்த்துச் சொன்னால் பெரும்பாலும் சேர்த்து எழுதுகிறோம், ஆங்கிலத்தில் சேர்த்துச் சொல்லிவிட்டுப் பிரித்து எழுதுகிறார்கள். கண்ணால் ஆங்கிலம் படித்த பிள்ளை அந்த இடைவெளிகளைக் காதிலும் தேடுகிறது.

(நான் 'ற்ற' என்று எழுதுவதை எங்கள் ஊரில் 'வெற்றி', 'காற்று' சொல்வதுபோல வாசியுங்கள். நாக்கு நுனி மேற்பல் முரசில் தொடும் அந்த இடம்தான் ஆங்கில 'ரீ' எழுத்தின் இடமும். தமிழ்நாட்டில் பலர் 'டி' என்று நாக்கை மடித்துச் சொல்வதை நாம் 'ரி.வி.', 'ரயர்', 'ரிக்கெற்' என்று எழுதுவது சும்மா இல்லை. இந்த ஒரு ஒலியை நீங்கள் படிப்பிக்கவே தேவையில்லை, பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவருகிறார்கள்.)

அப்படியென்றால் ஆசிரியர் ஆறுதலாகக் கதைத்துக் காட்டினால் போதாதா, பாட்டு எதற்கு என்று கேட்கலாம். போதாது. நாம் ஆறுதலாகக் கதைக்கும்போது எங்களை அறியாமலே சொற்களைப் பிரித்துவிடுகிறோம். 'கெற்... அப்'. பிள்ளை கேட்க வேண்டிய ஒட்டு அந்த இடத்திலேயே காணாமல் போய்விடும். தம்பி பெடலை மெதுவாகச் சுற்றியபோது அப்படி நடக்கவில்லை. ஒட்டு ஒட்டாகவே இருந்தது, நீளமாக இழுபட்டது மட்டும்தான். இப்போது அந்த வேலையைப் போன் செய்கிறது. யூரியூப்பில் வேகத்தை 0.75 என்று வைத்தால் குரல் தடிக்காமலே பாட்டு மெதுவாகும். 0.5 வரை இறக்க வேண்டாம், அது பேய் ஓலம். பேச்சுப் பதிவையும் இப்படி மெதுவாக்கலாம்தான். ஆனால் ஒரு பேச்சுத் துண்டை பத்துத் தரம் கேட்கச் சொன்னால் தரம் 9 பிள்ளை ஜன்னலால் வெளியே பார்க்கும். பாட்டை இருபது தரம் கேட்கும், வீட்டுக்குப் போய் இன்னும் பத்துத் தரம் முணுமுணுக்கும். பாட்டின் பெரிய பலம் அந்த மீட்டல்.

'பொருள் விளங்காமல் பாடி என்ன பயன்' என்று ஒரு சக ஆசிரியர் என்னைக் கேட்பார். ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி'யை எடுத்துக்கொள்ளுங்கள். 'மாலு' என்றால் மீன் என்பதற்கு மேலே ஒரு சொல்லும் தெரியாதவர்கள்கூட அந்தச் சிங்கள வரிகளைப் பிசகாமல் பாடுவார்கள். காது ஒலியை முதலில் வாங்கிக்கொள்ளும், பொருள் பிறகு வந்து ஏறும். ஆனால் அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது: பொருள் தானாக ஏறாது. 'சுராங்கனி' பாடிப் பாடி யாரும் சிங்களம் கதைக்கப் பழகவில்லை. பாட்டு முடிந்த பிறகு செய்ய வேண்டிய வேலை இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

ஒட்டுக்கு அடுத்தது வாலில் வரும் உகரம். பஸ், பஸ்ஸு. கப், கப்பு. தமிழ் நாக்குக்கு வல்லின மெய்யில் சொல்லை முடிக்கப் பிடிக்காது, ஒரு சின்ன உகரம் போட்டு இறக்கிவிடும். இதைத் திருத்தச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை காய்ந்தது. பிறகு 2011இல் 'கொலவெறி' வந்தது. தனுஷ் பாடிய அந்தப் பாட்டில் ஆங்கிலச் சொற்கள் பல வேண்டுமென்றே இந்த உகரத்தோடுதான் வரும்: 'மூனு', 'ஒயிட்டு'. வன்னியில் அதைப் பாடாத பெடியன் இல்லை. வகுப்பில் அதைப் பாடச் சொன்னேன். பிறகு எல்லா வால் உகரத்தையும் கழற்றிவிட்டுப் பாடச் சொன்னேன். மெட்டு நொண்டியது, வகுப்பே சிரித்தது. ஒரு உகரம் ஓர் அசைக்கான இடத்தைப் பிடிக்கிறது என்று அன்று அவர்களுக்குக் கையில் பிடித்துக் காட்டியதுபோல விளங்கியது.

உடனே தலைகீழாகச் செய்ய வேண்டும். ஓர் ஆங்கிலப் பாட்டை எடுத்து, ஒரு சுரத்துக்கு ஓர் அசை என்று விரலால் எண்ணவிடுங்கள். அங்கே உகரம் சேர்த்தால் இடம் போதாது, அடுத்த சொல்லை முட்டும். இறந்தகாலச் சொற்களுக்கும் இதே மருந்து. 'வோக்கெட்', 'லுக்கெட்', 'ஸ்ரொப்பெட்' என்று எங்கள் பிள்ளைகள் எழுத்தைப் பார்த்து ஈரசையாகச் சொல்கிறார்கள். பாட்டில் அதற்கு ஒரே ஒரு சுரம்தான் இருக்கும், 'வோக்ற்' என்றுதான் விழும். நான் பத்து முறை திருத்துவதை மெட்டு ஒரு முறையில் திருத்திவிடும். 'எவ்ரி' என்ற சொல்லை 'எவெரி' என்று மூன்றாக்குவதும் இப்படித்தான் பிடிபடும்.

சரி, தாளத்துக்கு வருவோம். மச்சாள் கதைப்பதில் பிள்ளைகளை அதிகம் குழப்புவது இதுதான் என்று நினைக்கிறேன். தமிழில் ஒவ்வோர் அசைக்கும் அதற்குரிய மாத்திரை உண்டு, எல்லா அசையும் கிட்டத்தட்ட முழுசாகக் கேட்கும். ஆங்கிலத்தில் சில அசைகள் முதலாளி, மற்றவை கூலி. முதலாளி அசைகள் ஏறக்குறைய ஒரே இடைவெளியில் விழும், நடுவில் எத்தனை கூலி அசை வந்தாலும் அவை ஓடி நெருக்கிக்கொண்டு இடத்தைச் சரிக்கட்ட வேண்டும். முல்லைத்தீவுக் கரையில் கரைவலை இழுக்கும்போது அம்பா பாடுவதைக் கேட்டிருக்கிறீர்களா? இழுவை விழும் இடத்தில் சொல் பலக்கும், இழுவைக்கும் இழுவைக்கும் நடுவில் சொற்கள் அவசரமாக ஓடும். ஆங்கில வசனத்தில் அந்த இழுவை எப்போதும் இருக்கிறது.

கரும்பலகையில் 'கோற்ஸ் ஈற் லீவ்ஸ்' என்று எழுதுங்கள். ஆடு இலை தின்னும், அவ்வளவுதான். மூன்று சொல், மூன்று இழுவை. மூன்று தரம் கைதட்டிச் சொல்லவிடுங்கள். அடுத்தது 'த கோற்ஸ் ஆர் ஈற்றிங் த லீவ்ஸ்'. இப்போதும் மூன்றே தட்டு, வேகம் மாறக் கூடாது. 'த', 'ஆர்', 'இங்' எல்லாம் இடுக்குக்குள் நுழைந்து ஓட வேண்டும். முதலில் ஒருவராலும் முடியாது. மூன்றாம் முறையில் பின்வாங்கில் இருக்கிற பெடியள் பிடித்துவிடுவார்கள். கூத்தும் உடுக்கும் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்குத் தாளம் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. ஆங்கிலத்தில் பின்தங்கிய பிள்ளைகள் முன்னுக்கு வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வகுப்பில் இதற்காகவே பாட்டைப் பாவிக்கலாம் என்றும் எனக்குத் தோன்றியிருக்கிறது.

தாளத்துக்கு நான் அதிகம் பாவித்தது குயின் குழுவின் 1977ஆம் ஆண்டுப் பாட்டு, 'வீ வில் றொக் யூ'. இரண்டு காலடி, ஒரு கைதட்டு, அதன் மேலே பல்லவி. வாத்தியம் ஒன்றும் வேண்டாம். பல்லவியை மட்டும் எடுங்கள், நடுவில் வரும் சரணங்கள் உங்கள் வகுப்புக்குக் கடினம். ஒரு விசயம் மட்டும் சொல்ல வேண்டும். 2010இல், யுத்தம் முடிந்து மீள்குடியேறி வந்த கையோடு, தகரக் கொட்டிலில் இந்தப் பாட்டைத் தொடங்கினேன். முப்பது சோடிக் காலும் வாங்குகளும் ஒரே நேரத்தில் அடித்த சத்தத்தில் இரண்டாவது வரிசையிலிருந்த பிள்ளை ஒன்று மேசைக்குக் கீழே போய்விட்டது. அதற்குப் பிறகு நீண்ட காலம் காலடிக்குப் பதில் தொடையில் தட்டித்தான் செய்தோம். உங்கள் பிள்ளைகள் அதற்குப் பிறகு பிறந்தவர்கள், பயமில்லாமல் அடிப்பார்கள். ஆனால் யுத்தம் முடிந்த மே மாதத்தில் ஆட்டம்பாட்டப் பாட்டு எதையும் எடுக்க வேண்டாம். வகுப்பில் இருக்கிற பிள்ளைக்கு இல்லாவிட்டாலும் அடுப்படியில் இருக்கிற அம்மாவுக்கு அது வேறு மாதம்.

இனிப் பாட்டு சொல்லும் பொய். எல்லோருக்கும் தெரிந்த 'ஹப்பி பேர்த்டே ரு யூ'வைப் பாடிப் பாருங்கள். 'பேர்த்', 'டே', 'ரு' மூன்றும் சமமான நீளத்தில் வருகின்றன. கதைக்கும்போது அப்படி வராது. 'பேர்த்' பலக்கும், 'டே' சின்னதாகும், 'ரு' இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் ஓடும். பீற்றில்ஸின் 1965ஆம் ஆண்டு 'யெஸ்ரடே'யில் கடைசி 'டே'யைப் பிடித்து நீட்டிக்கொண்டே போகிறார்கள். கதைக்கும்போது பலம் முதல் அசை 'யெஸ்'இல். பாட்டைக் கேட்டு அப்படியே உச்சரிப்பைப் பழகிய பிள்ளை, கடைசி அசையை இழுத்து இழுத்துக் கதைக்கும். இப்படி ஒரு பிள்ளையை நானே உருவாக்கி விட்டிருக்கிறேன். பேச்சுப் போட்டிக்குப் போய் 'யெஸ்ரடேஏஏ' என்று அவள் நீட்ட, நடுவர் தலையைக் குனிந்து சிரித்தார். குற்றம் என்னுடையது.

அதனால் என் வகுப்பில் ஒரு சட்டம் வைத்தேன்: பாடிய எந்த வரியையும் மெட்டைக் கழற்றிவிட்டு ஒரு தரம் கதையாகச் சொல்லாமல் அடுத்த வேலைக்குப் போவதில்லை. பக்கத்திலிருப்பவரிடம் உண்மையில் ஏதோ சொல்வதுபோல, முகத்தைப் பார்த்து. பாட்டில் எந்த அசை நீண்டது, கதையில் எது பலத்தது என்று பிள்ளைகளே சொல்லட்டும். அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிற வேலை பாட்டைவிடப் பிரயோசனம். நான் முன்னே 'பாட்டு முடிந்த பிறகு' என்று சொன்ன வேலையும் இதுதான்.

ஒரு 40 நிமிடப் பாடவேளை எப்படிப் போகும் என்று கேட்டால், இப்படி. முழுப் பாட்டையும் எடுக்க மாட்டேன், நாலு வரி போதும், பல்லவியென்றால் நல்லது. ஏனென்றால் அது திரும்பத் திரும்ப வரும், தவறவிட்ட பிள்ளைக்கு இன்னொரு வாய்ப்பு. முதலில் கொப்பியும் இல்லை, கரும்பலகையும் இல்லை, இரண்டு தரம் சும்மா கேட்க வேண்டும். பிறகு ஒரு வரியை மட்டும் போட்டு, கேட்டதைத் தமிழ் எழுத்தில் எழுதச் சொல்வேன். ஆங்கிலத்தில் அல்ல, தமிழில். இதற்குச் சில ஆசிரியர்கள் என்னோடு சண்டைக்கே வந்தார்கள். தமிழில் எழுதினால் உச்சரிப்புக் கெட்டுப்போகும் என்பது அவர்கள் வாதம். அது வாசிக்கப் பழக்கும்போது சரி. இங்கே நாம் செய்வது காதைச் சோதிப்பது. ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் பிள்ளை தனக்குத் தெரிந்த சொல்லை எழுதும், தமிழில் எழுதினால் கேட்ட ஒலியை எழுதும். ஒருவர் 'கெற்றப்' என்று எழுதியிருந்தால் காது வேலை செய்கிறது. பக்கத்துப் பக்கத்தில் இருப்பவர்கள் கொப்பியை மாற்றிப் பார்க்கட்டும், சிரிக்கட்டும்.

அதற்குப் பிறகுதான் கரும்பலகையில் ஆங்கில வரி. ஒட்டுகிற இடங்களில் சொல்லுக்குச் சொல் ஒரு வில் வரைவேன். வேகத்தை 0.75இல் வைத்து ஒரு தரம், சாதாரண வேகத்தில் ஒரு தரம். இப்போது அந்த வில்லைப் பார்த்துக்கொண்டே கேட்கும்போது பிள்ளைகளின் முகத்தில் ஒரு மாற்றம் வரும் பாருங்கள். அதைப் பார்க்கத்தான் நான் 27 வருடம் இருந்தேனோ தெரியாது.

இடைவெளி நிரப்பச் சொல்லிப் பாட்டு வரிகளைக் கொடுப்பது எல்லோரும் செய்கிற பயிற்சி. ஆனால் பெரும்பாலும் பெரிய சொற்களைத்தான் எடுத்துவிடுகிறார்கள்: பூ, கடல், இதயம். அவை எப்படியும் உரக்கக் கேட்கும், கேட்காவிட்டாலும் ஊகிக்கலாம். சின்னச் சொற்களை எடுத்துவிடுங்கள். 'ஒவ்', 'ரு', 'அன்ட்', 'கான்', 'வோஸ்'. இவைதான் கதையில் சுருங்கிக் காணாமல் போகிறவை. 'கப் ஒவ் ரீ' என்று நாம் படிப்பிப்பது 'கப்ப ரீ' என்று வரும். அந்தச் சுருங்கிய உயிர் என்ன ஒலி என்று பிள்ளைகள் கேட்டால், குற்றியலுகரத்தை ஞாபகப்படுத்துங்கள். 'காடு', 'நாடு' சொல்லும்போது கடைசி உகரம் உதடு குவியாமல் அரை மாத்திரையில் சோம்பலாக விழுகிறதல்லவா? அதே ஒலி இல்லை, ஆனால் அதே சோம்பல். அடுத்த வரி வருமுன் எழுதி முடிக்க நேரம் வேண்டும், ஆகவே ஒரு வரிக்கு ஓர் இடைவெளிக்கு மேல் வேண்டாம்.

கடைசிப் பத்து நிமிடம் மெட்டைக் கழற்றிக் கதைப்பது. அதன்பின் பாட்டில் இல்லாத, ஆனால் அதே ஒட்டு உள்ள ஒரு புது வசனத்தை நீங்கள் சாதாரண வேகத்தில் சொல்லி, எத்தனை சொல் என்று கேளுங்கள். சரியாக எண்ணினால் அன்றைய பாடம் ஏறிவிட்டது. பாட்டை ஞாபகத்திலிருந்து ஒப்புவித்தால் ஏறியதாகக் கணக்கில்லை.

எந்தப் பாட்டு? பிள்ளைகளைக் கேட்டால் இன்றைக்கு ஓடுகிற, மூச்சு விடாமல் கொட்டுகிற பாட்டைச் சொல்வார்கள். ஆர்வத்துக்கு ஒன்று போடலாம், பாடத்துக்கு வேண்டாம். ஆறுதலாக, வாத்தியச் சத்தம் குறைவாக, குரல் முன்னால் நிற்கிற பாட்டு வேண்டும். ஜிம் ரீவ்ஸை நான் இன்னும் விடவில்லை. மனிதர் 1964இல் விமான விபத்தில் போய்விட்டார், இலங்கையில் நத்தார் வந்தால் இன்னும் பாடிக்கொண்டிருக்கிறார். மடுப் பக்கத்துப் பிள்ளைகள் என்றால் பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கும். காப்பென்ரர்ஸின் பாட்டுகளில் கரன் காப்பென்ரரின் குரல் ஒவ்வோர் ஒலியையும் விளங்கவைக்கும். அபா குழுவின் 'ஐ ஹாவ் எ ட்றீம்' உங்கள் வகுப்புக்கு நன்றாகப் பொருந்தும், மெதுவானது, பிள்ளைகளின் குரலும் சேர்ந்து வருகிறது. அதைப் பாடியவர்கள் சுவீடன்காரர் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் பாடி உலகமே கேட்டது என்பது மல்லாவிப் பிள்ளைக்குத் தெரிய வேண்டிய செய்தி. பிரித்தானியப் பாடகர்கள்கூடப் பாடும்போது அமெரிக்கர்போல ஒலிப்பதுண்டு, அதனால் 'இது எந்த நாட்டு உச்சரிப்பு' என்ற ஆராய்ச்சியில் அதிகம் மினக்கெட வேண்டாம். பிரிட்டிஷ் கவுன்சிலின் சிறுவர் இணையதளத்தில் வரிகளோடு சேர்ந்த பாட்டுகள் இருக்கின்றன, தரம் 6க்கு அவை போதும். தரம் 9 அதைக் குழந்தைப் பாட்டென்று சிரிக்கும்.

பாட்டின் வரிகள் முழுவதையும் முதலில் நீங்கள் வாசியுங்கள். பல்லவி நல்லதாக இருந்து மூன்றாம் சரணத்தில் வேறு விசயம் வரும். பெற்றோர் போனில் தேடிப் பார்ப்பார்கள். இலக்கணமும் பாட்டில் ஒழுங்காக இராது. 'ஷீ டோன்ற்' என்று பாடுவார்கள், 'வொனா', 'கொனா' என்பார்கள். கேட்டு விளங்க வேண்டும், பரீட்சைத் தாளில் எழுதக் கூடாது என்று ஒரு தரம் தெளிவாகச் சொல்லிவிட்டால் பிள்ளைகள் பிரித்துக்கொள்வார்கள். சொல்லாமல் விட்டால் தவணைப் பரீட்சையில் 'வொனா' வரும், எனக்கு வந்தது.

ஒலிகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 'பான்', 'ஃபான்' வித்தியாசம், 'பெற்றோல்' என்பதில் வரும் 'ப'வுக்கும் 'பஸ்'ஸில் வரும் 'ப'வுக்கும் உள்ள வித்தியாசம், 'வ'வில் உள்ள இரண்டு ஆங்கில எழுத்துகள், 'ஸ'வும் அதன் அதிர்கிற தங்கையும். இவற்றுக்குப் பாட்டு உதவாது என்பது என் அனுபவம். இசையின் நடுவில் அந்த நுணுக்கம் கேட்காது, சின்ன ஸ்பீக்கரில் சுத்தமாகக் கேட்காது. அதற்குக் கையைத் தொண்டையில் வைத்து அதிர்வைப் பார்ப்பது, உதட்டுக்கு முன்னால் ஒரு கடதாசித் துண்டைப் பிடித்துக் காற்று அடிக்கிறதா என்று பார்ப்பது, கண்ணாடியில் மேற்பல் கீழுதட்டைத் தொடுகிறதா என்று பார்ப்பது, இவைதான் வழி. ஐந்து நிமிடம், கிழமைக்கு இரண்டு தரம்.

சாமான் விசயம். போனில் ஏற்கெனவே இறக்கி வைத்துக்கொண்டு போங்கள், பாடவேளையில் சிக்னல் தேடி முற்றத்தில் நிற்கக் கூடாது. புளூரூத் ஸ்பீக்கர் ஒன்று இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் போனை ஒரு வெறுஞ் செம்புக்குள் நிறுத்துங்கள், முன்வரிசைக்கு மட்டும் கேட்டது பின்வாங்கு வரை போகும். எதிரொலி கொஞ்சம் இருக்கும், பரவாயில்லை. போனும் இல்லாத நாளில் நீங்களே பாடுங்கள். குரல் நல்லதாக இருக்க வேண்டியதில்லை, என் குரலைக் கேட்டவர்கள் சாட்சி. மாரி காலத்தில் தகரக் கூரையில் மழை விழும்போது கேட்டல் பாடம் எதுவும் நடக்காது. கார்த்திகை, மார்கழியில் வாசிப்பை வைத்துக்கொண்டு, பாட்டுகளை முதலாம், இரண்டாம் தவணைக்குத் தள்ளுங்கள்.

அதிபரைப் பற்றிய பயம் நியாயமானது. எனக்கு ஓர் அதிபர் வகுப்பு வாசலில் வந்து நின்று, 'சேர், கச்சேரி எத்தனை மணிக்கு முடியும்?' என்று கேட்டார். நான் சண்டை பிடிக்கவில்லை. 'ஐந்து நிமிடம் இருந்து பாருங்கோ' என்று கதிரை ஒன்று போட்டேன். அன்று நாங்கள் வில் வரைந்துகொண்டிருந்தோம். பத்து நிமிடம் இருந்துவிட்டுப் போனார், பிறகு கேட்கவில்லை. உங்களிடம் கொப்பியில் காட்ட ஏதாவது இருக்க வேண்டும், அதுதான் பாதுகாப்பு. தமிழில் எழுதிய வரி, கீழே ஆங்கில வரி, அதில் வில்கள், புது வசனம். பக்கத்து வகுப்புக்குத் தொல்லையில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரண தரப் பரீட்சைக்கு இதனால் என்ன பயன் என்று கேட்டால், நான் படிப்பித்த காலத்தில் ஆங்கிலத் தாள் எழுத்தில்தான் இருந்தது, நேரே புள்ளி வராது என்று உண்மையைச் சொல்லிவிடுவேன். ஆகவே கிழமைக்கு ஐந்து பாடவேளை இருந்தால் ஐந்திலும் பாட்டு வேண்டாம். இரண்டு கிழமைக்கு ஒரு பாட்டு, அதில் ஒரு முழுப் பாடவேளை, மற்ற நாட்களில் தொடக்க ஐந்து நிமிடம் மீட்டல். ஒரு தவணைக்கு ஐந்து பாட்டுக்கு மேல் போனால் பிள்ளைகளுக்கு மெட்டு மட்டும்தான் ஞாபகம் இருக்கும்.

முதல் கிழமை ஆங்கிலப் பாட்டே எடுக்காமல் கனகராயனாற்றையும் 'கெற்றப்'பையும் ஆட்டையும் இலையையும் மட்டும் எடுத்துப் பாருங்கள். கைதட்டல் பிடிபட்ட பிறகு பாட்டுக்குப் போகலாம். ஓகஸ்டில் அந்த மச்சாள் வந்தால், அவரை வகுப்புக்குக் கூட்டிவந்து ஒரு பல்லவியைக் கதையாகச் சொல்லச் சொல்லுங்கள். வேகத்தைக் குறைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.